‘மாட்டேன்’ என்று நிற்கும் பிள்ளை: விசுவாசிக் குடும்பங்களுக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

ஞாயிறு காலை. ஆராதனைக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. “ஷூவைப் போடு” என்றேன். “மாட்டேன்” என்றான். மறுபடி சொன்னேன். ஒரு ஷூ பறந்து போய்க் கதவில் மோதியது. நான் குரலை உயர்த்தினேன், அவனும் உயர்த்தினான். கடைசியில் அவனைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் உட்காரவைத்தேன். ஒரு காலில் ஷூ, இன்னொரு காலில் சாக்ஸ்கூட இல்லை. சபை வாசலில் இறங்கியதும் எதுவுமே நடக்காத மாதிரி எல்லாரையும் பார்த்துச் சிரித்தேன்.

என் மகனுக்கு அப்போது ஏழு வயது. சரியான மருத்துவரைப் போய்ப் பார்ப்பதற்குள் இப்படியே ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. அதில் பாதி நாள் வெட்கத்தில் போனது, மீதி நாள் தப்பான ஆலோசனைகளில் போனது. உங்களுக்கு அந்த ஒன்றரை வருடம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை, போதகரும் இல்லை, ஒரு அப்பா. இங்கே சொல்வதெல்லாம் ஏறக்குறைய மூன்று வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பொருந்தும். பதின்பருவப் பிள்ளைகளுக்குச் சில விஷயங்கள் மாறும்.

1. பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள், நீங்களே பெயர் வைத்துவிடாதீர்கள்

மருத்துவர்கள் இதை ஓ.டி.டி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். முழுப்பெயர் ‘ஆப்பொசிஷனல் டிஃபையன்ட் டிஸார்டர்’. எதிர்த்து நிற்பதும் மீறுவதுமே வழக்கமாகிப்போன நிலை என்று வைத்துக்கொள்ளலாம். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்-5 கையேடு இதற்கு எட்டு அறிகுறிகளைச் சொல்கிறது: சட்டென்று பொறுமை இழப்பது, சின்ன விஷயத்துக்கும் எரிச்சலடைவது, கோபமும் மனக்கசப்புமாகவே திரிவது, பெரியவர்களோடு வாக்குவாதம் செய்வது, சொன்னதைச் செய்ய மறுப்பது, வேண்டுமென்றே சீண்டுவது, தன் தவறுக்கு அடுத்தவர்மேல் பழி போடுவது, வஞ்சம் வைத்துப் பழிவாங்குவது.

இவற்றில் குறைந்தது நான்கு இருக்க வேண்டும், அதுவும் குறைந்தது ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் பெரும்பாலான நாட்களில் நடக்க வேண்டும், அதற்கு மேல் என்றால் வாரத்துக்கு ஒரு முறையாவது. அண்ணன் தம்பி சண்டையை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. கூடப்பிறக்காத ஒருவரிடமாவது, அப்பா அம்மாவோ ஆசிரியரோ, இந்த நடத்தை தெரிய வேண்டும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்தேன். “பள்ளியில் தங்கமாக இருக்கிறானாம். அப்படியென்றால் வீட்டில் நடிக்கிறான்” என்று முடிவு கட்டிவிட்டேன். தப்பு. வீட்டில் மட்டும் இப்படி இருக்கும் பிள்ளைகள் நிறைய உண்டு; கையேடே அதை லேசான வகை என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஓரிடத்தில் என்றால் லேசானது, இரண்டு இடங்களில் என்றால் நடுத்தரம், மூன்று இடங்கள் அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையானது.

“இது பாவமா, வியாதியா?” என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். என் பதில் இது: என் மகனுக்கும் எனக்கும் பாவ சுபாவம் ஒன்றுதான், அதில் அவனுக்கு எந்தச் சலுகையும் இல்லை. ஆனால் ஏமாற்றத்தைத் தாங்கவும், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறவும் அவன் வயதுப் பிள்ளைகளுக்கு இருக்கிற திறமை அவனிடம் இல்லை. இல்லாத திறமையைக் கண்டித்துக் கொண்டுவர முடியாது, பழக்கித்தான் கொண்டுவர வேண்டும்.

2. பதினான்கு நாள் குறிப்பேடு

மருத்துவரிடம் போகும் முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள். செலவு ஒரு நோட்டு மட்டும்தான். பக்கத்தை நான்கு பத்திகளாகக் கோடு போட்டுப் பிரியுங்கள்: எத்தனை மணி, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு நான் என்ன செய்தேன். அன்றன்றைக்கே எழுதுங்கள். வாரக் கடைசியில் உட்கார்ந்து எழுதினால் கோபம்தான் ஞாபகம் இருக்கும், விவரம் இருக்காது.

என் நோட்டில் இரண்டு வாரத்தில் 19 சண்டைகள். அதில் 11 சண்டை பள்ளி விட்டு வந்ததற்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில். பசி, களைப்பு, திரையை அணைக்கச் சொன்னது, இவ்வளவுதான் காரணம். 1 இராஜாக்கள் 19-ஐ அந்த வாரம் வேறு கண்ணோடு வாசித்தேன். சூரைச்செடியின் கீழ் ‘போதும் கர்த்தாவே’ என்று படுத்துவிட்ட எலியாவுக்கு தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சாப்பாடு கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். “இங்கே உனக்கு என்ன காரியம்” என்ற கேள்வி அதற்கு ரொம்ப நாள் கழித்து, ஓரேப் மலையில்தான் வருகிறது. பள்ளியிலிருந்து வந்தவுடன் வீட்டுப்பாடம் என்ற வழக்கத்தை மாற்றினோம். முதலில் சாப்பாடு, அரைமணி நேரம் யாரும் எதுவும் கேட்பதில்லை. வேறு எதையும் தொடுவதற்கு முன்பே சண்டை குறைந்தது.

நான்காவது பத்தியைப் பார்க்கத்தான் மனசு வரவில்லை. கிட்டத்தட்ட ஒவ்வொரு வரியிலும் ஒரே கதை: மூன்று தடவை சொன்னேன், கத்தினேன், அப்புறம் சலித்துப்போய் விட்டுவிட்டேன். கத்தினால் அப்பா விட்டுவிடுவார் என்பதை அவன் கற்றுக்கொண்டான். கத்தினால்தான் அவன் கொஞ்சமாவது அசைவான் என்பதை நான் கற்றுக்கொண்டேன். இருவரும் ஒருவரையொருவர் பழக்கிக்கொண்டிருந்தோம். அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் பல வருடங்கள் குடும்பங்களைக் கவனித்து இந்தச் சுழலைத்தான் விளக்கினார். இதற்கான சிகிச்சைகள் பெரும்பாலும் பெற்றோரைப் பயிற்றுவிப்பதாக இருப்பதற்குக் காரணமும் இதுதான். பிள்ளையைத்தான் மருத்துவரிடம் கூட்டிப்போவோம், வீட்டுப்பாடம் நமக்குத்தான் வரும்.

3. மருத்துவர், தாள்கள், செலவு

முதலில் குழந்தைகள் நல மருத்துவர். நேராக மனநல மருத்துவரிடம் ஓடாதீர்கள். காது சரியாகக் கேட்கிறதா, தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கிறதா, பேச்சு வளர்ச்சி எப்படி, இரத்தசோகை உண்டா என்பதையெல்லாம் இவர்தான் பார்ப்பார். காது சரியாகக் கேட்காத பிள்ளை ‘சொன்னதைக் கேட்பதில்லை’ என்று திட்டு வாங்குவதைவிடக் கொடுமை இல்லை.

அடுத்து, குழந்தைகள் மனநல மருத்துவர் அல்லது மருத்துவ உளவியலாளர். ஓ.டி.டி தனியாக வருவது குறைவு. கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி, பதற்றம், கற்றல் குறைபாடு என்று ஏதாவது ஒன்று அடிக்கடி கூடவே இருக்கும். வாசிக்க வராத பிள்ளை புத்தகத்தை எறிகிறது. நாம் எறிதலை மட்டும் பார்க்கிறோம். அதனால் “இவனுக்கு ஓ.டி.டியா?” என்று மட்டும் கேட்காமல், “வேறு என்ன இருக்கலாம்?” என்றும் கேளுங்கள்.

ஒரே கோப்பில் போட்டு எடுத்துப்போக வேண்டியவை:

– உங்கள் பதினான்கு நாள் குறிப்பேடு
– கடைசி இரண்டு வருடப் பள்ளி மதிப்பெண் அறிக்கைகள், ஆசிரியர் எழுதிய குறிப்புகள் உட்பட
– பிறப்பு சமயத்து மருத்துவமனைத் தாள்கள். குறைமாதப் பிரசவம், வலிப்பு, தலையில் அடி போன்றவை இருந்தால் அவசியம்
– காது, கண் பரிசோதனை முடிவுகள்
– இப்போது கொடுக்கும் மருந்துகளின் பட்டியல்
– குடும்பத்தில் யாருக்காவது மனநலச் சிக்கல், குடிப்பழக்கம் இருந்தால் அதன் குறிப்பு. வெட்கப்பட்டு மறைத்தால் நஷ்டம் பிள்ளைக்கு
– காப்பீட்டு அட்டை, அடையாளச் சான்று

இதோடு, மதிப்பீட்டுப் படிவங்கள் கொடுப்பார்கள். வாண்டர்பில்ட், கானர்ஸ் என்ற பெயர்கள் காதில் விழும். ஒன்று பெற்றோருக்கு, இன்னொன்று ஆசிரியருக்கு. நேரம் விரயமாவது இங்கேதான். ஆசிரியரின் படிவம் திரும்பி வர எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது, காரணம் தேர்வு நேரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பருவம் தொடங்கி ஆறு வாரம் கழித்துக் கொடுங்கள். பிள்ளையை அவருக்கு ஓரளவு தெரிந்திருக்கும், தேர்வு நெருக்கடியும் இருக்காது. அப்பாவும் அம்மாவும் தனித்தனியாக நிரப்புங்கள். சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் சொல்ல மற்றவர் தலையாட்டுவதாக முடியும். இரண்டும் வேறுபட்டால் அதுவும் மருத்துவருக்கு ஒரு தகவல்தான்.

கோபம் வரும்போது வீடியோ எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். மருத்துவருக்குக் காட்ட ஒன்றோ இரண்டோ போதும், அதையும் அவன் முகத்துக்கு நேரே போனைப் பிடித்து எடுக்காதீர்கள். காட்டியதும் அழித்துவிடுங்கள். ஜெபக்குழு வாட்ஸப்பில் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள்.

செலவு விஷயத்தில் நான் ஏமாந்தது ஒன்றில்தான். முதல் சந்திப்புக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போனேன். உளவியல் சோதனைகளுக்குத் தனிக் கட்டணம், அறிக்கை எழுதித் தர இன்னொரு கட்டணம். எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது முதல் தொகையைப் போலப் பல மடங்கு. அதனால் நேரம் வாங்கும்போதே நான்கு கேள்விகள் கேளுங்கள்: மதிப்பீடு முழுவதற்கும் மொத்தம் எவ்வளவு? எத்தனை சந்திப்பு? எழுத்தில் அறிக்கை அதில் அடக்கமா? பெற்றோர் பயிற்சி நீங்களே தருவீர்களா, வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா? கடைசிக் கேள்வி முக்கியம். பெயர் மட்டும் சூட்டி அனுப்பிவிடும் இடத்தில் பணத்தைச் செலவழித்துவிட்டால் சிகிச்சைக்கு மிச்சம் இருக்காது.

காப்பீடு இருந்தால், படுக்கையில் சேராத மனநலச் சிகிச்சைக்கு அது செல்லுமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் நெருக்கடி என்றால் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் மனநலப் பிரிவு, பல்கலைக்கழகப் பயிற்சி மையம், குழுவாக நடத்தும் பெற்றோர் வகுப்பு என்ற வரிசையில் விசாரியுங்கள். குழு வகுப்பு தனி வகுப்பைவிட மலிவு. எங்களுக்கு அதில் பணத்தைவிடப் பெரிய லாபம் கிடைத்தது, நாங்கள் மட்டும் இல்லை என்பது தெரிந்தது. இலவச இடங்களில் காத்திருப்பு மாதக்கணக்கில் போகும், அதனால் இன்றே பெயரைப் பதிந்துவிட்டுக் கீழே உள்ள வீட்டு வேலைகளைத் தொடங்குங்கள்.

மாத்திரை? ஓ.டி.டிக்கென்று தனி மருந்து கிடையாது. கூடவே ஏ.டி.எச்.டி இருந்தால் அதற்குக் கொடுக்கும் மருந்து இதையும் தணிக்கலாம். விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவர் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

4. பிரம்பு

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சபையில் நமக்கு முதலில் கிடைக்கும் அறிவுரையே இதுதான். “பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்” என்ற நீதிமொழிகள் 13:24-ஐச் சொல்லி, “நீங்கள் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள்” என்பார்கள். நானும் அடித்தேன். ஒரு வாரம் அடங்கினான். அப்புறம் அவன் தங்கையை அடித்தான், நான் அடித்த அதே மாதிரி, அதே வார்த்தையைச் சொல்லி.

அந்த வசனத்தில் பிரம்பு என்று வரும் எபிரெயச் சொல் ‘ஷேபெட்’. சங்கீதம் 23-இல் “உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்” என்கிறோமே, அந்தக் கோலும் அதே சொல்தான். மேய்ப்பன் கோலை ஆட்டை வழிநடத்தவும் ஓநாயை விரட்டவும் வைத்திருந்தான். எபேசியர் 6:4-இல் ‘சிட்சை’ என்று நாம் வாசிக்கும் கிரேக்கச் சொல் ‘பைதேயா’. பயிற்றுவித்து வளர்ப்பது என்ற அகலமான பொருள் அதற்கு உண்டு. அதே வசனம் “உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்” என்றுதான் தொடங்குகிறது. கொலோசெயர் 3:21 காரணத்தையும் சொல்கிறது: “திடனற்றுப்போகாதபடி”. அந்த வார்த்தையை நான் குறிப்பேட்டின் அட்டையில் எழுதி வைத்திருந்தேன்.

பிரம்பு வசனத்துக்கு நல்ல விசுவாசிகளே வேறு வேறு விளக்கம் சொல்கிறார்கள், அது எனக்குத் தெரியும். அந்த விவாதத்தை முடிக்க நான் வரவில்லை. ஆனால் எதிர்த்து நிற்கும் பிள்ளையிடம் அடி வேலை செய்வதில்லை. அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் காலப்போக்கில் கூடுகிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நேற்றைய அடி இன்று உறைக்காது, கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும், நாளைக்கு இன்னும் கொஞ்சம். அது எங்கே போய் நிற்கும் என்று யோசியுங்கள். பல நாடுகளில் சட்டமும் குறுக்கே நிற்கிறது.

மகன்களைக் கண்டிக்காமல் விட்டவன் என்று ஆசாரியன் ஏலியின் கதையையும் உங்களிடம் சொல்வார்கள். எனக்கு ஒருவர் சொன்னார், முகத்துக்கு நேராக. வீட்டுக்கு வந்து 1 சாமுவேல் இரண்டாம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். ஏலி மகன்களைக் கண்டிக்கவில்லை என்று யார் சொன்னது? நன்றாகக் கண்டித்தான், நீளமாகவே பேசினான். ஆனால் பேசியதோடு சரி, அவர்களை ஊழியத்திலிருந்து நிறுத்தவில்லை. அந்த மகன்கள் வளர்ந்த ஆசாரியர்கள், ஏழு வயதுப் பிள்ளைகள் இல்லை. ஏலியின் தப்பு அடிக்காதது இல்லை. வாயால் சொன்னதைச் செயலில் காட்டாதது. என் குறிப்பேட்டின் நான்காம் பத்தியும் அதேதான். மூன்று தடவை சொல்லிவிட்டு விட்டுவிட்டேன்.

5. வீட்டில் தினமும் செய்ய வேண்டியது

வரிசை முக்கியம். எல்லாரும் தண்டனையிலிருந்து தொடங்க ஆசைப்படுவோம். முதல் மூன்று வாரம் அ, ஆ, இ மட்டும்.

அ) ஐந்து நிமிட விளையாட்டு. தினமும் ஐந்து நிமிடம் அவன் சொல்கிறபடி நீங்கள் விளையாட வேண்டும். கட்டளை இல்லை, கேள்வி இல்லை, திருத்தம் இல்லை. அவன் செய்வதை வாயால் விவரியுங்கள்: “சிவப்புக் கட்டையை மேலே வைக்கிறாய்.” கேட்கச் சிரிப்பாக இருக்கும். ‘பி.சி.ஐ.டி’ என்ற பயிற்சியில் பெற்றோர் இதைச் செய்யும்போது, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பயிற்சியாளர் உட்கார்ந்து காதில் பொருத்திய கருவி வழியாகச் சொல்லிக் கொடுப்பார். இரண்டு முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கான பயிற்சி அது. முதல் நாள் எனக்கு வாயில் வந்த மூன்று வாக்கியமும் கேள்வி: “அது என்ன? ஏன் அங்கே வைக்கிறாய்? இப்படி வைத்தால் விழாதா?” அன்று அவன் மோசமாக நடந்திருந்தாலும் இந்த ஐந்து நிமிடத்தைப் பறிக்காதீர்கள். கிருபை என்று நாம் பாடுவது இதைத்தானே, சம்பாதிக்காமல் கிடைப்பதை.

ஆ) பெயர் சொல்லிப் பாராட்டு. “நல்ல பையன்” போதாது. “ஒரு தடவை சொன்னதும் பையை எடுத்து வைத்தாய், நன்றி” என்று என்ன செய்தான் என்பதைச் சொல்லுங்கள். எங்கள் வீடுகளில் பாராட்டினால் கர்வம் வந்துவிடும் என்று ஒரு பயம் உண்டு. யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது, ஒரு அற்புதமும் செய்வதற்கு முன்பே, “இவரில் பிரியமாயிருக்கிறேன்” என்று பிதா எல்லார் காதிலும் விழச் சொன்னார்.

இ) பார்த்தும் பாராமலிருத்தல். முணுமுணுப்பு, முகம் சுளித்தல், கதவை அறைதல், இவற்றுக்கு முகம் கொடுக்காதீர்கள். அடிப்பது, பொருளை உடைப்பது, ஆபத்தானது எதுவும் இந்தக் கணக்கில் வராது. மத்தேயு 21-இல் திராட்சத்தோட்டத்துக்குப் போகச் சொன்ன தகப்பனிடம் மூத்தவன் ‘மாட்டேன்’ என்றான், பிறகு போனான். தகப்பன் சித்தத்தைச் செய்தவன் யார் என்று இயேசு கேட்டபோது, ‘மூத்தவன்தான்’ என்றார்கள் கேட்டவர்கள். முணுமுணுத்துக்கொண்டே பல் துலக்கினாலும் பல் துலக்கியதுதான். முணுமுணுப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது சண்டையைத் தொடங்காதீர்கள்.

ஈ) கட்டளை. நான்காவது வாரத்திலிருந்து. பக்கத்தில் போய், கண் மட்டத்துக்குக் குனிந்து, ஒரே ஒரு விஷயம், சின்ன வாக்கியம். “ஷூ போடலாமா?” என்று கேட்காதீர்கள், ‘மாட்டேன்’ என்பது அந்தக் கேள்விக்குச் சரியான பதில். “ஷூவைப் போடு.” சொல்லிவிட்டு மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள், வாயைத் திறக்காமல். இந்த ஐந்து வினாடிதான் இந்தக் கட்டுரையிலேயே கடினமான பகுதி. பெரும்பாலும் நாம் இரண்டாவது வினாடியிலேயே மறுபடி சொல்லி, அவன் மூளை முதல் தடவை சொன்னதை வாங்குவதற்குள் குழப்பிவிடுகிறோம்.

உ) விளைவு. செய்யவில்லை என்றால் ஒரு முறை எச்சரிக்கை, அப்புறம் சொன்னது நடக்க வேண்டும். “உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்” என்ற மலைப்பிரசங்க வார்த்தை பெற்றோருக்கென்றே சொன்ன மாதிரி இருக்கும். விளைவு சின்னதாக, உடனே முடிவதாக இருக்கட்டும்: இன்று மாலைத் திரை நேரம் இல்லை, அல்லது மூன்று நிமிடம் ஒரு நாற்காலியில் தனியாக. “ஒரு மாதம் சைக்கிளைத் தொடாதே” என்று ஆத்திரத்தில் சொன்னால் மூன்றாம் நாள் நீங்களே விட்டுவிடுவீர்கள், ஏலி மாதிரி.

கொந்தளிப்பின் உச்சத்தில் இதில் எதுவும் வேலை செய்யாது. அப்போது வசனமும் சொல்லாதீர்கள், நியாயமும் பேசாதீர்கள். ஆபத்தான பொருட்களையும் தங்கையையும் அப்புறப்படுத்திவிட்டு, அமைதியாகப் பக்கத்தில் இருங்கள். பேச்செல்லாம் ஒரு மணி நேரம் கழித்து.

6. உங்கள் கோபம்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நான் இன்னும் தேறவில்லை. “மனுஷருடைய கோபம் தேவனுடைய நீதியை நடப்பிக்கமாட்டாதே” என்கிறது யாக்கோபு 1:20. கை நடுங்கினால் அறையை விட்டு வெளியே போங்கள். கத்திவிட்டால் அன்று பொழுது சாய்வதற்குள் மன்னிப்புக் கேளுங்கள், “ஆனால் நீயும்...” என்ற இணைப்பு இல்லாமல். நான் முதல் தடவை கேட்டபோது அவன் ஒன்றும் சொல்லவில்லை, போர்வைக்குள் போய்விட்டான். இரண்டு வாரம் கழித்து ஒரு தட்டை உடைத்துவிட்டு அவனாகவே வந்து நின்றான். தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்ற நிலைக்கு நீங்கள் போய்விட்டால் உங்களுக்கும் மருத்துவர் வேண்டும்.

7. ஜெபத்தை ஆயுதமாக்காதீர்கள்

“ஆண்டவரே, கீழ்ப்படியாத இந்தப் பிள்ளையை மாற்றும்” என்று அவன் பக்கத்திலேயே முழங்கால் போட்டு நாங்கள் ஜெபித்த நாட்கள் உண்டு. அது கடவுளிடம் பேசுவது இல்லை, கண்ணை மூடிக்கொண்டு அவனைத் திட்டுவது. அவனுக்கும் அது தெரிந்தது. பாரமான ஜெபத்தை உங்கள் அறையில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் காதில் விழும்போது அன்று நடந்த ஒரு நல்ல காரியத்துக்கு அவன் பெயரைச் சொல்லி நன்றி சொல்லுங்கள். தண்டனையாக வசனம் எழுதவைப்பது வேண்டாம். நூறு தடவை எழுதிய வசனத்தை எந்தப் பிள்ளையும் நேசித்ததில்லை. குடும்ப ஜெபத்தை ஐந்து நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள், பாட்டை அவன் தேர்ந்தெடுக்கட்டும்.

8. வீட்டாரும் சபையாரும்

கணவனும் மனைவியும் மூன்றே மூன்று விதிகளில் ஒத்துப்போங்கள், அவற்றை எழுதி ஒட்டுங்கள். பத்து விதி போட்டால் பத்திலும் சண்டை. தாத்தா பாட்டிக்கு நீளமாக விளக்காதீர்கள். “மருத்துவர் சொல்லியிருக்கிறார், மூன்று மாதம் இப்படிப் பார்க்கிறோம்” என்று சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். கூடப்பிறந்த அமைதியான பிள்ளையை மறந்துவிடுகிறோம். அவளுக்கும் தனியாக ஒரு நேரம் வேண்டும். கெட்டகுமாரன் உவமையில் மூத்தவனைத் தேடியும் தகப்பன் வெளியே வந்தார் அல்லவா?

சபையில் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் சொல்லுங்கள்: போதகர், ஞாயிறு பள்ளி ஆசிரியர், நம்பகமான ஒரு குடும்பம். ஜெபக் குறிப்பாக மேடையில் அறிவிக்கவிடாதீர்கள். வளர்ந்த பிறகும் அந்தப் பெயர் அவன் பின்னாலேயே வரும். ஞாயிறு பள்ளி ஆசிரியரிடம் அரைப்பக்கத் தாள் ஒன்று கொடுங்கள்: எது அவனைக் கிளப்பும், எது தணிக்கும், எப்போது உங்களைக் கூப்பிட வேண்டும். எங்கள் தாளில் மூன்றே வரிகள்: ‘எல்லார் முன்னாலும் திருத்த வேண்டாம். ஏதாவது ஒரு பொறுப்புக் கொடுங்கள். பத்து நிமிடத்தில் அடங்காவிட்டால் என்னை அழையுங்கள்.’

பிசாசு பிடித்திருக்கிறது, விடுதலைக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். பிள்ளையைப் பிடித்து அமுக்குவது, காதருகே கத்துவது, பட்டினி போடுவது, இவற்றுக்கு ஒருநாளும் ஒப்புக்கொள்ளாதீர்கள். யார் சொன்னாலும் சரி. இயேசு பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, கைகளை வைத்து ஆசீர்வதித்தார். அந்த மாதிரி ஜெபிப்பவர்களிடம் அழைத்துப்போங்கள்.

9. எவ்வளவு நாள் ஆகும்?

புது முறையைத் தொடங்கியதும் நிலைமை முதலில் மோசமாகும். முன்பு கத்தினால் கிடைத்தது இப்போது கிடைக்கவில்லை என்றால் இன்னும் சத்தமாகக் கத்திப் பார்ப்பான். பெரும்பாலான பெற்றோர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். எங்களுக்கு இது இரண்டாவது வாரத்தில் வந்து பத்து நாள் இருந்தது. இந்த நாட்களில் விருந்தினர், பயணம், தேர்வு எதுவும் வராதபடி தொடக்கத் தேதியைத் தேர்ந்தெடுங்கள்.

பெற்றோர் பயிற்சி பெரும்பாலும் வாரம் ஒரு மணி நேரம் என்று பன்னிரண்டிலிருந்து இருபது சந்திப்பு வரை போகும். வேலையிடத்தில் அந்த நேரத்துக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கிவையுங்கள். அப்பாக்கள் பாதியில் நின்றுவிடுவது இதனால்தான்.

காத்திருக்கக் கூடாத சில அடையாளங்கள் உண்டு. சாக வேண்டும் என்று பேசுவது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, பிராணிகளைச் சித்திரவதை செய்வது, தீ வைப்பது, ஆயுதத்தைக் கையில் எடுப்பது. இவற்றில் ஒன்று நடந்தாலும் அடுத்த சந்திப்புத் தேதிவரை பொறுக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி பதினான்கு நாள் குறிப்பேடு எழுதுங்கள். அதே நான்கு பத்திகள். எனக்கு 19 என்பது 8 ஆகியிருந்தது. ‘ஒன்றுமே மாறவில்லை’ என்று அந்த வாரம் முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தேன், எண்ணிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. எட்டில் மூன்று சண்டை இன்னமும் ஞாயிறு காலையில்தான், ஷூவுக்காக. இப்போது சனிக்கிழமை இரவே இரண்டு ஷூவையும் வண்டியில் வைத்துவிடுகிறோம், சபை வாசலில் போட்டுக்கொள்கிறான். இரண்டு நோட்டையும் மறு சந்திப்புக்கு எடுத்துப்போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.